மங்கையின் ‘வித்’

ஜூன் 19

ரெஜினா சொன்னதால் இதை எழுதுகிறேன். ரெஜினா, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். மங்கை ஒவ்வொரு நாளும் என்ன சொல்கிறாள் என்பதைக் குறித்து வரவேண்டுமாம். பம்ப் கம்பெனிக்காரர்கள் தந்த டைரி ஒன்று கடையில் கிடந்தது. எடுத்து வந்தேன்.

விவரம் இதுதான். என் மனைவி மங்கையர்க்கரசிக்கு மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது. வலது கையில் பலம் இல்லை. பேச்சு போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, தமிழ் போய்விட்டது. இங்கிலீஷில் மட்டும் கொஞ்சம் மிச்சம். வகுப்பில் தினமும் பேசிய மொழி சிலருக்கு முந்திக்கொள்ளும் என்றார் டாக்டர். அபூர்வம்தான், ஆனால் நடக்கும் என்றார்.

அதிலும் பெயர்கள் மட்டும்தான் வருகின்றன. வாட்டர். பில்லோ. விண்டோ. இடையில் ஒட்டுகிற சின்னச் சொற்கள் எதுவும் இல்லை.

மங்கை பெண்கள் கல்லூரியில் முப்பது வருஷமாக இங்கிலீஷ் இலக்கணம் நடத்துகிறவள். நான் ஐ.டி.ஐ. படித்துவிட்டுப் பாலக்கரையில் பம்ப்செட் கடை வைத்திருப்பவன். என் தாய்மாமன் மகள் என்பதால் எனக்குக் கிடைத்தவள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஃபுட் வால்வ், பேரிங், காயில், கேஸ்கெட்.

ஜூன் 20

வாட்டர். நோ. நோ. ஃபேன். இட்லி ஒன்றரை சாப்பிட்டாள்.

ஜூன் 24

வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மாடி ஏற முடியாது. கீழே என் அறையில் கட்டில் போட்டேன். எனக்கு ஹாலில் பாய் போதும்.

அவளுடைய கண்ணாடியும் புடவைகளும் எடுக்க மாடிக்குப் போனேன். அபி கல்யாணமாகிப் புனேவுக்குப் போனதிலிருந்து, அதாவது ஆறு வருஷமாக, மாடி மங்கையுடையது. படிக்க வெளிச்சம் அங்கேதான் அதிகம். எனக்குக் கீழே இருப்பதுதான் சௌகரியம். ஏதாவது சொல்வதென்றால் சமையலுக்கு வரும் பாக்கியத்திடம் சொன்னால் மேலே போய்விடும், மேலே சொல்வது கீழே வந்துவிடும். வீட்டில் சத்தமே இருக்காது.

சுவிட்ச் எந்தப் பக்கம் என்று தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. புத்தகங்களையெல்லாம் அட்டைப்பெட்டிகளில் போட்டு நைலான் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறாள். அலமாரிகள் காலி. கரையான் பயமாக இருக்கும்.

ஜூலை 3

ரெஜினா வீட்டுக்கே வருகிறாள். படம் போட்ட அட்டைகளைக் காட்டி, பூனை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். பூனை மேஜைக்கு அடியில் இருக்கிறது.

“கேட்,” என்றாள் மங்கை. நெற்றி சுருங்கியது. “கேட்... டேபிள்.”

“கேட் அண்டர் டேபிள்,” என்று நான் எடுத்துக்கொடுத்தேன்.

ரெஜினா என்னைப் பார்த்துச் சிரித்தாள். “சார், நீங்க ஒரு ‘தி’யை விட்டுட்டீங்க. மேடமும் விடறாங்க, நீங்களும் விடறீங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் பேசறீங்க.”

மங்கையின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறாள் என்று புரிய எனக்குச் சிறிது நேரமாயிற்று.

ஜூலை 9

கடையிலிருந்து நட்டு, வாஷர், டப்பா, ஸ்பேனர் எல்லாம் கொண்டு வந்து கட்டிலில் பரப்பினேன். அட்டைப் படத்தைவிடக் கையில் பிடிக்கிற சாமான் நல்லது என்று தோன்றியது. வாஷரை நட்டுக்கு அடியில் வைத்தேன். “அண்டர்,” என்றாள். டப்பாவுக்குள் போட்டேன். “இன்.” மூடிமேல் வைத்தேன். “ஆன்.”

மூன்றும் தப்பில்லாமல் வந்தன. மத்தியானம் கடை திறக்கவில்லை.

ஜூலை 11

இன்று ஒரு ஆச்சரியம். டீ கொண்டுபோனேன். சர்க்கரை போட்டதா போடாததா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். “வித்தவுட்,” என்றாள், பளிச்சென்று. நீளமான சொல். ரெஜினாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளுக்கும் சந்தோஷம்.

சாயங்காலமும் டீ கொடுத்து, பாக்கியத்துக்கு எப்படி வேண்டும் என்று கேட்டேன். பாக்கியம் மூன்று ஸ்பூன் போட்டுக் குடிப்பவள். மங்கைக்கு அது தெரியும். “டீ... சுகர்... டீ...” நடுவில் வரவேண்டிய சொல் வரவில்லை. உதடு குவிகிறது, காற்று வருகிறது, சொல் இல்லை. டம்ளரைத் தட்டிவிட்டாள். பிறகு இடது கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் தரையைத் துடைத்தேன்.

ஜூலை 15

மங்கையின் செல்போன் என்னிடம்தான் இருக்கிறது. இன்று ஸ்ரீரங்கத்திலிருந்து நரசிம்மன் என்று ஒருவர் பேசினார். “மேடம் ஜூன்லயே குடி வரேன்னாங்க. சாவி ரெடியா இருக்கு. இன்னொருத்தர் கேக்கறார், அதான்...”

“அவங்களுக்கு உடம்பு சரியில்லை,” என்றேன்.

“அடடா. நீங்க யார் பேசறது?”

“வீட்டுக்காரர்.”

“ஓ... வீட்டுக்காரரா?” என்று இழுத்தார். அவரிடம் என்ன சொல்லியிருந்தாளோ தெரியவில்லை. “வருவாங்க. வேற யாருக்கும் விட்டுடாதீங்க,” என்று சொல்லி வைத்தேன்.

புழுக்கம் அதிகம். ஹால் ஃபேனுக்குக் கண்டென்சர் மாற்ற வேண்டும்.

ஜூலை 27

ரெஜினாவிடம் கேட்டேன். மற்றதெல்லாம் வருகிறது, இந்த ‘வித்’ மட்டும் ஏன் வர மறுக்கிறது?

“இன், ஆன் எல்லாம் படம் போட்டுக் காட்டலாம் சார். வித்துக்குப் படம் கிடையாது. நீங்களே தமிழ்ல சொல்லிப் பாருங்க.”

சொல்லிப் பார்த்தேன். கம் வித் மீ: என்னோடு வா. கட் வித் நைஃப்: கத்தியால் வெட்டு. வித் ஃபியர்: பயத்தில் நடுங்கினான். மேன் வித் பியர்ட்: தாடி வைத்த ஆள். அங்கே ஒரே சொல். இங்கே ஓடு, ஆல், இல், வைத்த என்று ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். அவர்களுக்கு ஒரே ஸ்பேனர் எல்லா நட்டுக்கும் சேர்கிறது.

இதைச் சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது. மங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின், “குட்,” என்றாள். மாணவிகளிடம் இப்படித்தான் சொல்வாளோ என்னவோ.

ஆகஸ்ட் 4

அபி புனேயிலிருந்து வீடியோவில் வந்தாள். அம்மாவோடு இங்கிலீஷில் பேசினாள். பிறகு என்னிடம் தனியாக, “அப்பா, அம்மா ஏதாவது... பழைய விஷயம் ஏதாவது சொன்னாங்களா?” என்றாள்.

“இன்னும் அவ்வளவு பேச்சு வரலைம்மா.”

“வந்துடும்பா,” என்றாள். குரலில் ஏனோ கலக்கம்.

வந்துவிடும். தினமும் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் விடாமல் உட்காருகிறோம். விட்டுப்போன நாள் ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் 22

கல்லூரி முதல்வர் ஹெப்சிபா மேடம் ஆப்பிளும் பூங்கொத்துமாக வந்தார். நல்ல மனுஷி. சுற்றிவளைத்து விஷயத்துக்கு வந்தார். மருத்துவ விடுப்பு நவம்பரோடு முடிகிறது. உடம்பை வருத்திக்கொள்ள வேண்டாம், விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளலாம், தாமே எல்லாம் பார்த்துச் செய்வதாகச் சொன்னார்.

மங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். “கிளாஸ்,” என்றாள். “ஐ. கிளாஸ். ஒன்.”

“ஒரு வகுப்பு எடுக்கணும்கிறா,” என்றேன்.

“எடுக்கட்டும் சார். ஆனா...” என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். “பொண்ணுங்க முன்னாடி நின்னு, வார்த்தை வராம... அவங்களுக்கு அது வேணுமா?”

“அவ காது நல்லாத்தான் கேக்குது மேடம்,” என்றேன். முதல்வருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நவம்பர் முதல் வாரத்தில் இருபது நிமிஷம், முதுகலை முதலாண்டுக்கு என்று ஒப்புக்கொண்டு போனார்.

எந்தப் பாடம் என்று கேட்டேன். மங்கை சிலேட்டில் இடது கையால் எழுதினாள். நாலு இங்கிலீஷ் எழுத்து. கோணல்மாணலாக. அந்தச் சொல்லேதான்.

“அது வாயில வரமாட்டேங்குதே, மங்கை.”

சிலேட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள்.

செப்டம்பர் 8

முதுகலைப் பெண்களுக்கு அவள் வருஷா வருஷம் எடுக்கும் முதல் பாடமே இதுதானாம். ரெஜினாவின் அக்கா அங்கே படித்தவள், அவள் சொல்லித் தெரிந்தது. பாதிப் பெண்கள் அந்த ஒரு வகுப்பைக் கேட்டுத்தான் இலக்கணத்தின் பக்கம் வந்தார்களாம். முப்பது வருஷமாக என் வீட்டிலிருந்து கிளம்பிப் போய் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

செப்டம்பர் 16

இன்று பாடம் எனக்கே நடந்தது. சிலேட்டும் சைகையுமாக ஒரு மணி நேரம் பிடித்தது. நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

மங்கை முதலில் சிலேட்டில் அந்தச் சொல்லைக் காட்டினாள். “ஓல்ட்,” என்றாள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது என்று கையால் பின்னே காட்டினாள். பிறகு முஷ்டியால் சுவரைக் குத்தினாள். “அகெய்ன்ஸ்ட்.”

“எதிரா?”

தலையாட்டினாள். அந்தக் காலத்தில் ‘வித்’ என்றால் கூட இருப்பது இல்லை. எதிர்த்து நிற்பது. கூட என்பதற்கு ‘மிட்’ என்று வேறு சொல் இருந்திருக்கிறது. அந்தச் சொல் செத்துப்போய், ‘மிட்வைஃப்’ என்பதில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரசவம் பார்க்கிறவளுக்கு அப்படிப் பேர், பெண்ணோடு கூட இருப்பவள் என்று. ‘வித்’தின் பழைய பொருளும் முழுக்க அழியவில்லை. ‘வித்ஸ்டாண்ட்’ என்றால் எதிர்த்து நில்.

“அப்ப எதிர்ல இருந்தது எப்படிக் கூட வந்துச்சு?” என்று கேட்டேன். நியாயமான சந்தேகம்தானே. எதிரி எப்படிக் கூட்டாளி ஆவான்?

அவளுக்குப் பதில் தெரியும். கண்ணில் தெரிந்தது. வாயில் வரவில்லை. “ஃபைட்,” என்றாள். “ஃபைட்... டூ மென்... நியர். நியர்.” இரண்டு விரல்களை ஒன்றுக்கொன்று நேராக நிறுத்தி முட்ட வைத்தாள்.

எனக்குப் பிடிபட இத்தனை நேரமாயிற்று. ஒருத்தனோடு சண்டை போடுவதானால் அவன் பக்கத்தில் இருக்க வேண்டும். எட்ட இருப்பவனோடு என்ன சண்டை? முட்டிக்கொண்டு நின்ற நெருக்கம் மிஞ்சியது, முட்டல் மெல்லத் தேய்ந்தது. தமிழிலும் அப்படித்தான் சொல்கிறோம், அவனோடு சண்டை, அவனோடு சினேகம் என்று. ஒரே ‘ஓடு’.

நாங்கள் கடைசியாக எப்போது சண்டை போட்டோம் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

செப்டம்பர் 30

மழை. கடையில் ஆளில்லை. பாடம் இரண்டு தடவை. அந்தச் சொல் வரவில்லை.

அக்டோபர் 12

முதல் தமிழ்ச் சொல் வந்தது. மூக்குக்கண்ணாடி கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. “சனியனே,” என்றாள்.

நானும் பாக்கியமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாக்கியம் சாமி படத்துக்கு விளக்கேற்றப் போய்விட்டாள். திட்டு எப்போதும் முதலில் வரும், அது மூளையில் வேறு இடத்தில் இருக்கும் என்றாள் ரெஜினா. இருக்கட்டும்.

அக்டோபர் 25

தண்ணி. போதும். வெயில். அபி. தமிழ் ஒவ்வொன்றாக இறங்குகிறது, உருபு இல்லாமல், மொட்டையாக. நாங்கள் அதையும் எடுத்துக்கொண்டு உட்காருகிறோம்.

நவம்பர் 6

வகுப்பு இன்று.

ஆகாய நீலப் புடவை வேண்டுமென்று சிலேட்டில் எழுதினாள். பாக்கியம் கட்டிவிட்டாள். நான் வண்டியை மெதுவாக ஓட்டிப் போனேன். வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று இருந்தேன். கூட வந்த ரெஜினாதான், “நீங்களும் வாங்க சார்” என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். அவள் வகுப்பில் நான் கால் வைத்தது இன்றைக்குத்தான்.

இருபது, இருபத்தைந்து பெண்கள். முதல்வர் ஜன்னலோரம். மங்கை மேடையேறி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பலகையில் இடது கையால் அந்தச் சொல்லை எழுதினாள். எல்லோரும் அதைப் படித்தார்கள்.

“திஸ் வேர்ட்,” என்றாள். “ஐ... லாஸ்ட். ஸ்ட்ரோக். கான்ட் ஸே.”

சாக்பீஸை வைத்துவிட்டுப் பெண்கள் பக்கம் கையை நீட்டினாள்.

“ஸோ. யூ ஸே.”

முதல் வரிசையில் ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மங்கை காதில் கைவைத்தாள். எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். இன்னும் ஒரு தடவை. அறை முழுக்க அவளால் சொல்ல முடியாத சொல். அதை அவர்களிடமே கொடுத்துவிட்டாள். வீட்டில் இதை ஒத்திகை பார்க்கவே இல்லை.

பிறகு இரண்டு பெண்களை மேலே அழைத்தாள். எதிரெதிரே நிறுத்தி உள்ளங்கையோடு உள்ளங்கை வைக்கச் சொன்னாள். “புஷ்.” தள்ளினார்கள். இருவரும் நல்ல பலசாலிகள், ஒருத்தியும் நகரவில்லை. “ஓல்ட் மீனிங்,” என்றாள். “அகெய்ன்ஸ்ட்.” அவர்களைச் சுற்றி மெல்ல நடந்தாள், ஒரு கை மேஜையில். “ஸ்டே. டோன்ட் புஷ்.” தள்ளுவதை விட்டார்கள். கைகள் மட்டும் அப்படியே ஒட்டியிருந்தன. “நியூ மீனிங்,” என்றாள்.

அவ்வளவுதான். நான் ஒரு மணி நேரம் கேட்டுப் புரிந்துகொண்டதை அந்தப் பெண்கள் ஒரு கணத்தில் கண்ணால் பார்த்துவிட்டார்கள். யாரோ ஒருத்தி, “ஓ,” என்றாள், மிக மெதுவாக.

ஒரு பெண் எழுந்து இங்கிலீஷில் கேள்வி கேட்டாள். அப்படியானால் ‘வித்தவுட்’டின் பொருள் என்ன, அதற்குள்ளும் அதே சொல் இருக்கிறதே என்று. மங்கையின் முகம் மலர்ந்தது. பதில் சொல்லச் சொற்கள் போதவில்லை. வாசலைக் காட்டினாள், வெளியே நடந்து போய் நின்றாள், உள்ளே பார்த்தாள். “அவுட்ஸைட்,” என்றாள். “ஃபேஸிங்.” வெளியே நின்று, உள்ளே பார்த்தபடி.

வாசலில் நின்ற அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை முடி, சற்றே கோணிய உதடு, பலமில்லாத வலது கை. எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் சரளமாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பேசியதில் ஒன்றும் இப்போது நினைவில்லை.

பெண்கள் கைதட்டினார்கள். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நவம்பர் 7

கல்லூரியிலிருந்து போன். ஜனவரியிலிருந்து வாரம் இரண்டு வகுப்பு. முதல்வர் சொன்னார்: “நான் கேட்டது தப்புன்னு அவங்ககிட்ட சொல்லுங்க சார்.” சொன்னேன். மங்கை தோளைக் குலுக்கினாள்.

நவம்பர் 18

சாயங்காலப் பாடத்துக்கு உட்கார்ந்ததும் சிலேட்டை நகர்த்தி வைத்தாள். “ஸ்ரீரங்கம்,” என்றாள். தமிழில்தான் பேசினாள். “வீடு. நான்.”

நான் நட்டுகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். “தெரியும். நரசிம்மன் பேசினாரு.”

“எப்போ?”

“ஜூலைல. இன்னொருத்தர் கேக்கறாராம். உனக்குன்னே வச்சிருக்கச் சொன்னேன்.”

டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஏன்?”

“நீ பாத்து வச்ச வீடு. வேற யாருக்காவது குடுத்துட்டா என்ன பண்றது?”

பாடம் நடக்கவில்லை. பாக்கியம் வந்து தோசை ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

நவம்பர் 29

ரெஜினா சோதித்துப் பார்த்தாள். தமிழில் உருபுகள் ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டன. மரியாதைச் சொல்லும் வந்துவிட்டது. ரெஜினாவையே, “வாங்க, உக்காருங்க” என்கிறாள். இனி வாரம் ஒரு நாள் வந்தால் போதுமாம். இங்கிலீஷில் ‘வித்’ இன்னும் பத்துக்கு நாலு தடவைதான்.

டிசம்பர் 7

இன்று நாள் நன்றாக இருக்கிறதென்று நரசிம்மன் சொன்னார். காலையில் சின்ன லாரி. நான்தான் பெட்டிகளை இறக்கினேன். முதல் மாடி, லிஃப்ட் இருக்கிறது. பால்கனியிலிருந்து காவிரி தெரிகிறது. நல்ல வீடு. கிழக்கு ஜன்னல் பெரிது. தண்ணீர்த் தொட்டி மோட்டார் மட்டும் முனகியது. கேப்பாசிட்டர் மாற்றிவிட்டேன்.

கட்டில் போடும்போதுதான் ஆரம்பித்தது.

“ஜன்னல் கிட்ட வேணாம் மங்கை. காலைல வெயில் மூஞ்சில அடிக்கும். இந்தச் சுவரோரம் போட்டுடறேன்.”

“அங்கதான் போடணும்.”

“சொன்னா கேளு. உனக்கு இதெல்லாம் தெரியாது.”

“உனக்கு என்ன தெரியும்?” என்றாள்.

‘உனக்கு’. கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் அத்தான், நீங்க என்று தவிரக் கூப்பிட்டதில்லை. நான் கட்டில் காலைக் கீழே வைத்தேன்.

“ஆறு வருஷமா மாடியில நான் எந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்தேன்னு உனக்குத் தெரியுமா? ஒரு நாளாவது மேல வந்து பாத்திருக்கியா? கீழயே உக்காந்துக்கிட்டு பாக்கியத்துக்கிட்ட சொல்லி அனுப்புவ. எனக்குக் காலைல வெளிச்சத்துல முழிக்கணும். அது உனக்கு யாருகிட்ட கேட்டுத் தெரிஞ்சிருக்கும்?”

“நீ கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்.”

“கூப்பிட்டாத்தான் வருவியா? படிக்கட்டு என்ன பூட்டியா கிடந்துச்சு?”

“நீ மட்டும் இறங்கி வந்தியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வீடு பாத்தியே.”

“சொல்றதுக்கு நீ எங்க இருந்த?”

குரல் உயர்ந்துவிட்டது, இரண்டு பேருக்கும். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஒரு மாமி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மங்கை நிறுத்தவில்லை. அபியின் கல்யாணத்திலிருந்து எடுத்தாள், தன் அப்பாவின் காரியத்தில் நான் முன்னாலேயே கிளம்பியதைச் சொன்னாள், தான் பட்டம் வாங்கிய அன்று நான் கடையில் ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். நானும் சும்மா இருக்கவில்லை, பதிலுக்குச் சொன்னேன். எனக்கும் இருக்கிறதே. சொல்லச் சொல்ல, அவள் வாக்கியங்களையே கவனித்துக்கொண்டிருந்தேன். மாடியில. வெளிச்சத்துல. பாக்கியத்துக்கிட்ட. ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரு இடத்திலும் திக்கவில்லை. மூச்சு வாங்க நிறுத்தியதோடு சரி.

நரசிம்மன் சாவிக்கொத்தோடு வந்து வாசலில் நின்றார். மங்கை அவர் பக்கம் திரும்பி, “வாங்க சார், உள்ள வாங்க. வீடு ரொம்ப நல்லா இருக்கு,” என்றாள் அமைதியாக. அவர் போனதும் என்னிடம் திரும்பி, “என்ன பாக்கற? கட்டிலத் தூக்கு,” என்றாள்.

ஆக, மரியாதைச் சொல் பழுதில்லாமல் இருக்கிறது. எனக்கு மட்டும்தான் இல்லை.

தூக்கினேன். அவள் சொன்ன இடத்திலேயே, ஜன்னலை ஒட்டிப் போட்டேன். பெட்டிகளைப் பிரிக்கவே பொழுது போய்விட்டது. பாக்கியம் கொடுத்தனுப்பிய புளிசாதத்தைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊறுகாய் எடுத்து வர மறந்ததற்கும் ஒரு திட்டு விழுந்தது.

படுத்துப் பார்த்தால் தெரிகிறது, கட்டில் போட்ட இடம் தப்புதான். விடிந்ததும் வெயில் நேராக என் முகத்தில் அடிக்கப்போகிறது. எழுந்ததும் முதல் வேலையாக அவளிடம் சொல்லிக்காட்ட வேண்டும்.